சுருக்கித் தொழ முடியாத ஊர்

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி நேரத்தில் மட்டும் வருகிறது, கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது வருவதில்லை. உனக்குச் சளி விட்டதா? எழுது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் பள்ளி விடுமுறையில் நாங்கள் எல்லோரும் ஒரு வாரம் உன் நாட்டுக்குச் சுற்றுலா வருகிறோம். நான், உன் மச்சான், பெரியவள், சின்னவன், அம்மா, அத்தா. கடைசியில் இருக்கும் ஆளை இன்னொரு முறை படித்துக்கொள். ஆமாம், அத்தாதான்.

நான் கெஞ்சவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. அச்சகத்தில் கிடந்த பழைய காலண்டர் ஒன்றில் உன் நாட்டு வரைபடம் இருந்தது. அதைக் கிழித்துச் சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். ஆயுசு முழுக்க சர்வேயராக நிலம் அளந்த மனுஷர், வரைபடத்தைக் கண்டால் சும்மா இருப்பாரா? இரண்டு நாள் பார்க்காத மாதிரி சாப்பிட்டார். மூன்றாம் நாள் ஸ்கேலோடு வந்து உட்கார்ந்தார். "இந்தக் கடற்கரையில இவ்வளவு வளைவு இருக்கே, சரியா வரைஞ்சிருக்கானா?" என்றார். "நேர்ல போய்ப் பார்த்துட்டு வரலாமா அத்தா?" என்றேன். "எல்லாரும் போனா நானும் வரேன்" என்றார். அவர் வேறு பேச்சுக்குப் போவதற்குள் உன் மச்சானை அனுப்பி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

எதற்காக இவ்வளவு அவசரம் என்று உனக்குத் தெரியும். அவருடைய நண்பர் மகளை நீ வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து அத்தா உன் போனுக்கு வருவதில்லை. போன் அடித்தால் செருப்பைத் தேடுகிறார். ஆனால் உன் கடிதத்தை நான் சத்தமாக வாசித்தால் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார். அதற்காகத்தான் இந்தக் காலத்தில் நாம் இரண்டு பேரும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்தாயிற்று. அழைப்பிதழ் நம் அச்சகத்தில்தான் அடித்தோம். நண்பர் எப்போதோ மறந்துவிட்டார், நம் ஆள்தான் பிடித்த பிடியை விடவில்லை. உங்கள் இருவரையும் ஒரு வாரம் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

டிராவல்ஸ்காரர் கொடுத்த விளம்பரத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். "முஸ்லிம் குடும்பங்களுக்கு ஏற்ற சொகுசு விடுதி" என்று பிறை, தென்னை மரம் எல்லாம் போட்டு அடித்திருக்கிறார்கள். அச்சு நன்றாக இருக்கிறது. விடுதி எப்படி என்று நீ சொல். சாப்பாடு ஹலாலா, தொழ இடம் உண்டா, பெண்கள் தண்ணீரில் இறங்க மறைவான இடம் உண்டா என்று விசாரி. நான் எழுதுவதை இங்கே யாரும் படிப்பதில்லை. நீ எழுதுவதை வீடே கேட்கிறது. அதை மனதில் வைத்து எழுது.

துஆவுடன்,
அக்கா


ஜனவரி 25

கலெக்டர் அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். சளி விட்டது. அத்தா, அம்மா, மச்சான், பிள்ளைகள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

உன் கலெக்டர் உத்தரவைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு ஹோட்டல் குளிர்பெட்டிக்கு கேஸ் நிரப்பப் போய், அதைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொரு முறை படித்தேன். வாருங்கள். எல்லோரும் வாருங்கள்.

ஆனால் அந்தப் பிறை போட்ட விடுதி வேண்டாம். அங்கே ஐஸ் மெஷினைப் போன வருஷம் நான்தான் பிரித்துப் பூட்டினேன். வாசலில் ஹலால் பலகை பளபளவென்று தொங்குகிறது. பின்னால் குளிர் அறையைத் திறந்தால் மேல் தட்டில் பன்றி இறைச்சி, கீழ்த் தட்டில் நம் கோழி. மின்சாரம் போனால் மேலே இருப்பது எங்கே சொட்டும்? சமையல்காரரிடம் கேட்டேன். "பலகை சமையல்கட்டுக்கு மட்டும்தான் தம்பி, குளிர் அறைக்கு இல்லை" என்கிறார். நானும் நாலு வருஷமாக ஹோட்டல்களின் பின்வாசல் வழியாகவே உள்ளே போய் வருகிறேன் அக்கா. எனக்கு முன்வாசல் பலகையில் நம்பிக்கை போய்விட்டது.

நான் ஓர் இடம் சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். சின்னக் கடற்கரை ஊர். அங்கே ஓர் அம்மாவும் மகளும் விடுதி நடத்துகிறார்கள். ஆறே அறைகள். நம் மார்க்கத்தார்தான், பேசுவது மட்டும் இந்த நாட்டு மொழி. அம்மா சமையல், மகள் மற்ற எல்லாம். குளிர்பெட்டி ஒன்றே ஒன்று, அதற்குள் தலையை விட்டுப் பார்த்த ஆள் நான். மனதில் ஒரு நெருடலும் இல்லாமல் சாப்பிடலாம்.

விடுதிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பாறை மறைத்த ஒரு குட்டிக் கடற்கரை இருக்கிறது. காலையில் அது பெண்களுக்கு மட்டும். பாதை முனையில் விடுதி அம்மா துடைப்பத்தோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். போன தடவை மீட்டர் பார்க்க வந்தவரையே திருப்பி அனுப்பினார்.

அத்தா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம், உன் நலமும் அப்படியே இருக்க துஆ.

உன் கடிதத்தை வாசித்தேன். குளிர் அறைப் பகுதி வந்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "நல்லவேளை, பிள்ளை அங்க இருக்கான்" என்றார். துடைப்பம் வந்த இடத்தில் அத்தாவின் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். சிரிப்பை இருமலாக மாற்றிவிட்டார். டிராவல்ஸ்காரரிடம் விளம்பரத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் இடத்தையே பேசி முடி. மூன்று அறைகள். அத்தா அம்மாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. சின்னவன் உன்னோடு படுப்பானாம். ஐஸ் மாமாவிடம் கேட்க அவனிடம் நூறு கேள்வி இருக்கிறது.

இனி மற்றவர்களின் கேள்விகள். அம்மா: கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் உண்டா, இல்லை வெறும் காகிதச் சுருள்தானா? காகிதம் என்றால் அவர் வரவில்லையாம். இரண்டாவது, குக்கர் எடுத்து வரலாமா? நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். நீயும் கூடாது என்று எழுது, அப்போதுதான் கேட்பார். பெரியவள்: கடல் அலை உயரமா?

அத்தா கேள்வி கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அங்க கிப்லா நம்ம ஊர் மாதிரி இருக்காது. தொழற திசை மாறும். யாராவது சரியா பார்த்து வச்சிருக்காங்களான்னு தெரியல" என்றார். சுவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

இது என் கேள்வி, இதை வாசிக்கப்போவதில்லை. விடுதி அம்மா சமையல், மகள் மற்ற எல்லாம் என்றாயே, அந்த "மற்ற எல்லாம்" மகளுக்கு என்ன வயது?

துஆவுடன்,
அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். எல்லோருக்கும் சலாம் சொல்.

மூன்று அறைகளும் பேசிவிட்டேன். கடல் பக்கம் ஜன்னல் உள்ள அறை அத்தா அம்மாவுக்கு. கழிப்பறையில் குழாய் உண்டு, கைக்கு எட்டும் தூரத்தில், நல்ல வேகத்தோடு. அம்மா, குக்கர் கூடாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதை வெடிகுண்டு மாதிரி சுற்றி நின்று பார்ப்பார்கள். அலை உயரமில்லை, பாறை உடைத்துவிடுகிறது. முழங்கால் வலிக்கு அந்தத் தண்ணீர் நல்லது. பெண்கள் உடை மாற்ற ஓலை மறைப்பு இருக்கிறது, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பியும் உண்டு. இறங்கும் இடத்தில் இடது பக்கக் கல் வழுக்கும், வலது பக்கமாகவே இறங்கச் சொல். நனைந்த துணி கனக்கும், அதனால் அம்மாவுக்கு இருட்டு நிறத்தில் மெல்லிய துணியில் முழுநீள உடை ஒன்று தைத்து எடுத்து வா.

கிப்லாவுக்கு ஒவ்வோர் அறைத் தரையிலும் பச்சைக் கோடு இருக்கிறது. நான்தான் காம்பஸ் வைத்துப் பார்த்துப் போட்டேன். அத்தாவின் பழைய பித்தளைக் காம்பஸ்தான். வரும்போது கேட்காமல் எடுத்து வந்தது. இத்தனை நாள் சொல்லவில்லை. ஊசி இன்னும் சரியாக நிற்கிறது என்று சொல்லிவிடு.

எனக்கு ஜூனில் ஒரு வாரம்தான் லீவு கொடுத்திருக்கிறார்கள். நகரத்து விமான நிலையத்துக்கு வந்து உங்களை அழைத்துக்கொண்டு போய், திரும்பவும் அங்கேயே கொண்டுவந்து விடுவேன்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். கல்யாண சீசன் தொடங்கிவிட்டது. கட்டிங் மெஷின் ஓயவில்லை. உன் மச்சானின் விரல்கள் எப்போதும் பச்சையாகவோ தங்க நிறமாகவோ இருக்கின்றன. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் காம்பஸ். அந்த வரியை வாசித்ததும் அத்தா எழுந்துவிட்டார். போச்சு, செருப்பைத் தேடப் போகிறார் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து காம்பஸின் காலி உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "அவன் எடுத்துட்டுப் போவான்னு நினைக்கவே இல்ல. மாடியில கொண்டுபோய் எங்கேயோ வச்சுட்டேன்னு தேடிட்டு இருந்தேன்" என்றார். கவனித்தாயா, "அவன்" என்றார். இரண்டு வருஷமாக உன்னை "அங்க இருக்கறவங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த கடிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது என்று உன்னிடம் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்னும் இருக்கிறது. நேற்று அவராகவே கேட்டார். "அங்க எல்லாரும் சேர்ந்து ஜமாத்தா தொழறதுக்கு யார் முன்னாடி நிப்பாங்க?" நான், "நீங்கதான்" என்றேன். "என் குரல் கம்மிப்போச்சு. அவன் நல்லா ஓதுவான். அவனே தொழ வைக்கட்டும், நான் பின்னாடி நின்னுக்கறேன்" என்றார். பயணக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறார். நாங்கள் இங்கிருந்து வருகிறோம், நீ உன் நகரத்திலிருந்து வருகிறாய், தங்குவது ஒரு வாரம், ஆக எல்லோரும் பயணிகள். பயணிகளுக்கு உள்ள சலுகைப்படி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். அம்மாவின் முழங்காலுக்கும் அது சௌகரியம்.

ஒன்று தெரிகிறதா? போனில் உன் குரல் கேட்டால் எழுந்து போகிறவர், நேரில் உன் குரலுக்குப் பின்னால் நிற்கிறேன் என்கிறார். நான் போட்ட திட்டம் ஜெயித்தாயிற்று. சீக்கிரம் பதில் போடு, அவர் சூட்டோடு சூடாகக் கேட்கட்டும்.

அந்த வயதைப் பற்றிய கேள்வியை நீ தாண்டிப் போனதையும், பெண்கள் இறங்கும் இடத்தில் எந்தக் கல் வழுக்கும் என்று உனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருப்பதையும் நான் குறித்துக்கொண்டேன். தரையில் கோடு போடுவது ஐஸ் மெஷின் மெக்கானிக்கின் வேலையா?

துஆவுடன்,
அக்கா


ஏப்ரல் 2

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். நீ நலமா? இதை இந்த முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை.

டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மாவின் உடையும் தைத்தாயிற்று, கரும்பச்சையில். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "இதைப் போட்டுட்டுக் கடலுக்குப் போனா மீன் பயப்படும்" என்றார். உன் பதில்தான் வரவில்லை. அத்தா தினமும் மத்தியானம் வாசலுக்கு வந்து, தபால்காரரைப் பார்க்க வரவில்லை என்று காட்டுவதற்காகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். செடி அழுகும் நிலைக்கு வந்துவிட்டது.

தொழ வைக்கத் தயக்கமாக இருந்தால் இருக்கட்டும், அதையாவது எழுது. ஆனால் எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாலைந்து முறை எழுதிக் கிழித்தேன்.

அத்தா என்னை முன்னால் நிற்கச் சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் அத்தாவே முன்னால் நிற்கட்டும். அவர் பயணி, இரண்டு ரக்அத்தில் முடித்து சலாம் கொடுக்கட்டும். நீங்கள் எல்லோரும் அவரோடு முடித்துக்கொள்ளுங்கள். நான் பின்னால் நின்று, அவர் முடித்ததும் எழுந்து மீதி இரண்டையும் தொழுதுகொள்வேன். அந்த ஊரில் எனக்குச் சுருக்கம் இல்லை. நான்கும் தொழ வேண்டும்.

இந்தப் பத்தியை அத்தாவிடம் அப்படியே வாசித்துவிடு அக்கா. ஒரு வார்த்தையும் விடாதே, ஒரு வார்த்தையும் சேர்க்காதே.

எல்லோருக்கும் சலாம்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம். எனக்கு மட்டும் கொஞ்சம் ரத்தக் கொதிப்பு. காரணம் கீழே.

நீ சொன்னபடி வாசித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பிக்குத் தொழுகையில் பேணுதல் அதிகமாகிவிட்டது, சுருக்காமல் முழுசாகத் தொழ ஆசைப்படுகிறான் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்து "மாஷா அல்லாஹ்" என்றார். அத்தா மட்டும், "இன்னொரு தடவை வாசி" என்றார். வாசித்தேன். "அந்த ஊர் அவன் வேலை பார்க்கற இடத்துலேருந்து எவ்வளவு தூரம்?" என்றார். "ஒரு பகல் பஸ்" என்றேன். "லீவு எத்தனை நாள்னு எழுதியிருந்தான்?" "ஒரு வாரம்." "சரி" என்று எழுந்துபோய்க் கை கால் கழுவி ஒளுச் செய்தார். தொழுகை நேரமே இல்லை அது.

மறுநாள் அச்சகத்துக்கு வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். மை வாடை ஒத்துக்கொள்ளாது. கல்யாண அழைப்பிதழ் மாதிரிகள் ஒட்டிய ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துப் புரட்டினார். "யாருக்கு அத்தா?" என்றேன். "சும்மா பார்க்கறேன். உங்க வேலையை நீங்க பாருங்க" என்றார். வெகுநேரம் இருந்தார். ஜிகினா வைத்ததையெல்லாம் வேகமாகத் தள்ளினார்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உன் மச்சானைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி, யார் என்று சொல்லாமல் ஹஜ்ரத்திடம் கேட்கச் சொன்னேன். வெளியூர் போய் ஒரு வாரம் மட்டும் தங்குகிற ஆள் எப்போது சுருக்காமல் நான்கு தொழ வேண்டும்? ஹஜ்ரத் யோசிக்கவே இல்லையாம். "அவர் பிறந்து வளர்ந்த ஊரா இருக்கணும். இல்லேன்னா அரை மாசத்துக்குக் குறையாம தங்கற எண்ணம் இருக்கணும். அதுவும் இல்லையா, அவரோட சம்சாரம் அங்க குடியிருக்கணும். மனைவி குடியிருக்கற ஊர்ல புருஷன் பயணி இல்ல" என்றாராம்.

நீ அந்த ஊரில் பிறக்கவில்லை. உனக்கு லீவு ஒரு வாரம். மூன்றாவதுதானே மிச்சம்?

ஆக, அந்தப் பத்தி எனக்கு எழுதியதே இல்லை. என் வாயால் அத்தாவுக்கு எழுதினாய். வீடு முழுக்க உட்கார்ந்திருக்க, அவர் ஒருவருக்கு மட்டும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டாய். ஊரில் இருக்கும் அத்தனை பேர் கல்யாணத்துக்கும் நான் பத்திரிகை அடிக்கிறேன். என் சொந்தத் தம்பி கல்யாணத்தை ஹஜ்ரத்திடம் சட்டம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். எனக்குக் கோபம். அதைவிட அதிகமாக, அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால்தான் ரத்தக் கொதிப்பு.

அத்தா என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லவில்லை. ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். நீயே நேராக எழுது. இனிமேல் என்னைத் தபால்பெட்டியாக வைத்துக்கொள்ளாதே.

அக்கா


மே 1

அன்புள்ள அத்தா, அம்மா, அக்கா, மச்சான் எல்லோருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். இதுவரை "நான் நலம்" என்று எழுதி வந்தேன். நாங்கள் இரண்டு பேரும் நலம். இதை விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடுதி அம்மாவின் மகள்தான். அக்கா கேட்ட கேள்விக்குப் பதில், என்னைவிட ஒரு வயது சின்னவள். விடுதி ஐஸ் மெஷினைச் சரி செய்யப் போனேன். அது ஒரே நாளில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு போனதெல்லாம் மெஷினுக்காக இல்லை. விடுதி அம்மாவுக்கும் அது தெரியும். ஒரு நாள் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் ஓடுது. நீ பேச வந்ததைப் பேசு" என்றார். பேசினேன். வாக்குக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அத்தாவின் போன் வந்தது. அத்தா தன் நண்பருக்கு வாக்குக் கொடுத்திருந்தார், நான் இங்கே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். அன்றைக்கே காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் குரல் உயர்ந்தது, என் குரலும் உயர்ந்தது, போனை வைத்துவிட்டோம். பிறகு ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இங்குள்ள சின்னப் பள்ளிவாசலில் நிக்காஹ் நடந்தது. அவள் பக்கம் தெருவே வந்திருந்தது. என் பக்கம் உட்கார, என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் மட்டும் வந்தார். பாவம், அவரே அப்பா மாதிரியும் அண்ணன் மாதிரியும் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வேலை நகரத்தில், அவளுக்கு விடுதியும் வயதான தாயும் இங்கே. லீவு நாளில் பஸ் ஏறி வருவேன். வந்து இறங்கிய முதல் தொழுகையே நான்காகத்தான் தொழுவேன்.

நீங்கள் வருகிறீர்கள் என்றதும், விடுதிக்காரப் பெண்ணாகவே அவள் உங்கள் முன்னால் நடமாடட்டும், ஒரு வாரம் பழகிய பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அவளும் "உங்க இஷ்டம்" என்றாள். அப்புறம் அக்காவின் கடிதம் வந்தது. எல்லோரும் பயணிகள், இரண்டாகச் சுருக்கலாம், நீ தொழ வை என்று. சுருக்கித் தொழ வைத்திருந்தால் உங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஆனால் பின் வரிசையில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் பக்கத்தில் அவளும் நிற்பாள். இரண்டில் நான் சலாம் கொடுத்தால், இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை என்று அவள் காது கேட்கச் சொன்னதாகும். அதுவும் தொழுகையில் நின்றுகொண்டு. உங்களிடம் இரண்டு வருஷம் மறைத்த என்னால் அதைச் செய்ய முடியவில்லை.

அத்தாவுக்குப் புரியும் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன். பயண தூரத்தையும் அதற்குரிய தொழுகையையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நேராக எழுதத் தைரியம் இல்லாமல் போனது என் தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தா.

அவள் தமிழ் கற்றுக்கொள்கிறாள். "உட்காருங்க", "தண்ணி வேணுமா", "உப்பு போதுமா" மூன்றும் சுத்தமாக வருகிறது. "கலெக்டர்" என்றால் சொந்தத்தில் என்ன முறை என்று கேட்டாள்.

நீங்கள் வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் ஏன் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

உங்கள் மகன்


மே 12

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். சுருக்கமாக எழுதுகிறேன். இந்த உறையில் இன்னொரு கடிதமும் போக வேண்டும். எடை கூடிவிடும்.

உன் கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் அம்மா இரண்டு முறை அழுது மூன்று முறை சிரித்தார். கடைசியில் கேட்டது, "அவளுக்குக் குக்கர்ல சமைக்கத் தெரியுமா?" இப்போது குக்கர் பெட்டிக்குள் போய்விட்டது. மருமகளுக்குச் சீர் என்கிறார், அதற்கு மேல் நான் வாய் திறக்க முடியுமா? விமான நிலையத்தில் சுற்றி நின்று பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அத்தா எழுந்து மேலே போனார். ஒரு வாரம் கழித்து இன்று காலை அச்சகத்துக்கு வந்து, "ஒரு நல்ல தாள் கொடு" என்றார். அழைப்பிதழ் அடிக்கும் தடித்த தாளில் ஒன்று கொடுத்தேன். என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். பிழை பார்த்துத் தருகிறேன் என்று கை நீட்டினேன். கொடுக்கவில்லை. உறையையும் அவரே ஒட்டிவிட்டார். அதனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததும் உடனே எழுது. இந்த வீட்டில் எதையும் கடைசியாகத் தெரிந்துகொள்ளும் ஆளாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது.

துஆவுடன்,
கலெக்டர்

(சொந்தத்தில் அது நாத்தனார் முறை என்று அவளிடம் சொல்.)


மே 12

மகனுக்கு அத்தா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். நீங்கள் இருவரும், சம்பந்தி அம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

போனில் பேசுவது எனக்கு எப்போதும் சரிவந்ததில்லை. குரல் ஏறிவிடுகிறது. அன்று நீ காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் தப்பு உன்னுடையது மட்டும் இல்லை.

பயணம் உறுதி. மூன்று அறை வேண்டாம், இரண்டு போதும். மகன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எதற்கு அவ்வளவு அறை? காம்பஸைத் தயாராக எடுத்து வை. உறையைக் கொண்டு வருகிறேன். நீ போட்ட கோட்டை ஒரு தடவை நானும் பார்க்க வேண்டும். தப்பாக இருக்காது. இருந்தாலும் பார்க்க வேண்டும்.

மருமகளின் பெயரை அவள் கையாலேயே எழுதி வாங்கி அனுப்பு. நாங்கள் திரும்பி வந்து இங்கே எல்லோரையும் அழைத்து ஒரு விருந்து கொடுக்கப்போகிறேன். அழைப்பிதழ் மாதிரி தேர்ந்தெடுத்துவிட்டேன். ஜிகினா இல்லாதது. முதல் பத்திரிகை என் நண்பருக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

தொழுகை விஷயம். நான் முன்னால் நின்று இரண்டில் முடித்துவிட, நீ தனியாக எழுந்து மீதியைத் தொழுவதாக எழுதியிருந்தாய். சட்டப்படி அது சரி. எனக்குத்தான் அது சம்மதமில்லை. அந்த ஊரில் நாங்கள் பயணிகள், நீ ஊர்க்காரன். ஊர்க்காரன் தொழ வைத்தால் அவன் பின்னால் நிற்கும் பயணிக்கும் சுருக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆகையால் நீயே முன்னால் நில். உன் அம்மாவுக்கு நாற்காலி போட்டுவிடலாம்.

நான்கும் தொழ வை. நாங்கள் எல்லோரும் உன் பின்னால் நிற்கிறோம்.

அத்தா